அறத்தின் பிறப்பும் அறத்தின் ஆணையும்



அறம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. அறத்திற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது வேறொரு வினா. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்போரும் உண்டு. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக மேலைநாட்டு மெய்யியலில் 'பரிணாம அறவியல்' என்னும் பெயரால் நடந்துவரும் வழக்கு, இவ்விரு திறத்தாருக்கும் இடையே நடப்பதே. உயிரியல் அறிஞர் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. இவ்வழக்கிற்குத் தவறான தீர்ப்பு எழுதப்பட்ட இடத்தில் மனித உடல்மீது கத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அது பின்னர் வரும்.

வழக்கைத் தொடங்கிவைத்தவர் சார்லஸ் டார்வின். 1859இல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய நூலை வெளியிட்டபோது அவர் மனிதனைக் குறித்து ஏறத்தாழ வாய் திறக்கவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1871இல், 'மனிதனின் வழித்தோற்றம்' என்னும் நூலில்தான் அதனைப் பேசினார். மனிதனை விலங்கினின்று பிரிக்கும் வேறுபாடுகளுள் தலையாயது அறவுணர்வே என்பதை அந்நூலில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அவ்வுணர்வும் இயற்கை வழியே வளர்ந்ததுதான் என்று காட்ட முற்படுகிறார். கூடி வாழும் இயல்பும், குட்டியைப் பேணும் இயல்பும், தன் இனத்தின் துன்பம் கண்டு பதறும் இயல்பும் விலங்குகளிடமே இருக்கின்றன. அவற்றோடு நினைவாற்றலும் சிந்தனையும் மொழியும் போதிய அளவு சேர்ந்தால் மனச்சான்று தோன்றாமல் இராது என்பது அவர் கருத்து.

இதற்கு அவர் காட்டும் சான்று ஒன்று மறக்கவொண்ணாதது. இலையுதிர் காலத்தின் இறுதியில் தகைவிலான் குருவிகள் தென்திசை நோக்கிப் பறக்கத் தொடங்கும். வலசை போகும் உந்துதல் அப்போது தாய்ப்பாசத்தையும் வென்றுவிடும். காலந்தாழ்ந்து பொரித்த குஞ்சுகள் கூட்டிலேயே கிடந்து மடியும். சேரவேண்டிய இடம் சேர்ந்ததும் அவ்வுந்துதல் அடங்கிவிடுகிறது. அத்தாய்ப்பறவைக்கு மனிதனுக்குள்ளதைப் போன்ற நினைவாற்றல் இருந்திருந்தால், வடக்கே குளிராலும் பசியாலும் மடிந்துகொண்டிருக்கும் குஞ்சுகளின் தோற்றம் அதன் மனக்கண் முன் ஓயாமல் வந்துநின்று எத்துணைத் துன்பம் விளைக்கும் என்று டார்வின் கேட்கிறார். வலிமை மிக்கதாயினும் விரைவில் அடங்கும் உந்துதலுக்கு இணங்கி, என்றும் அடங்காத பாசத்தைக் கைவிட்டதால் வரும் வேதனை அது. தமிழ் அதனைக் கழிவிரக்கம் என்று சொல்லும். மனச்சான்றின் உறுத்தலுக்கு இதனினும் எளிய விளக்கம் அறவியல் நூல்களில் காண்பது அரிது.

அதே நூலில் வேறொரு சான்றும் உண்டு. அது எளிமையானதன்று, அச்சமூட்டுவது. மனிதர் தேனீக்களைப் போன்ற வாழ்க்கை நிலையில் வளர்க்கப்பட்டிருந்தால், மணமாகாத பெண்கள் தம் உடன்பிறந்த ஆண்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாகக் கருதியிருப்பர். ஈன்ற தாயர், கருவளம் உடைய தம் பெண்மக்களைக் கொல்ல முயன்றிருப்பர். அது தவறு என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார் என்கிறார் டார்வின். அறவுணர்வு தோன்றும் என்பது உறுதி; ஆனால் எவ்வகை அறவுணர்வு தோன்றும் என்பது வாழும் நிலையைப் பொறுத்தது என்பதே இதன் பொருள். பிரான்சிஸ் பவர் காப் என்னும் அறிஞர்ப் பெண்மணி இதனை அப்போதே கண்டித்து எழுதினார். உடன்பிறந்தாரைக் கொல்லுதல் தீது என்பது, மனிதர் தேனீயாகப் பிறவாமல் போன தற்செயலால் மட்டுமே உண்மையாயிற்று என்றால், அதன்பின் அறத்திற்கு என்ன வலிமை எஞ்சும் என்பது அவர் கவலை. அக்கவலையைச் சமயப் பற்றுடைய ஒருவரின் அச்சம் என்று அக்காலத்து அறிவியலார் சிலர் தள்ளினர். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே வினா, சமயச் சார்பற்ற மெய்யியலாரின் வாயிலிருந்து மீண்டும் எழுந்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

டார்வின் அறத்தின் பிறப்பை விளக்க முயன்றார். அவர் காலத்தவரான ஹெர்பர்ட் ஸ்பென்சரோ பரிணாமத்தையே அறத்தின் அளவுகோலாக்கினார். 'தகுதி மிக்கது பிழைக்கும்' என்னும் தொடரை 1864இல் உருவாக்கியவர் அவரே. டார்வின் அதனைப் பின்னர்க் கடன் வாங்கினார். ஸ்பென்சர் 1879இல் வெளியிட்ட அறவியல் நூலின்படி, பரிணாமத்தில் மேம்பட்ட நடத்தையே நல்ல நடத்தை. அரசு ஏழைகளைத் தாங்கிப் பிடிப்பது இயற்கையின் போக்கைத் தடுப்பதாகும் என்பதும் அவர் கொள்கை. தனிமனிதர் மனமுவந்து செய்யும் ஈகையை அவர் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் அவர் பெயரால் பேசியவர்களுக்கு அந்த நுட்பம் தேவைப்படவில்லை.

இந்நிலையில்தான் 1893ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டின் ஷெல்டோனியன் அரங்கில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பேச எழுந்தார். அகவை 68. டார்வினுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடைதோறும் வாதாடி, 'டார்வினின் காவல்நாய்' என்றே பெயர் பெற்றவர். தலைப்பு, 'பரிணாமமும் அறவியலும்'. முந்தைய ஆண்டுதான் அச்சொற்பொழிவு வரிசையைக் கிளாட்ஸ்டன் தொடங்கிவைத்திருந்தார். பரிணாமத்தின் வெற்றிக்கொடியை அறத்தின் கோட்டையிலும் ஏற்றுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. இயற்கையின் போக்கும் அறத்தின் போக்கும் ஒன்றன்று. இயற்கையைப் பின்பற்றுவதால் சமுதாயம் மேம்படாது, அதனை எதிர்த்து நிற்பதாலேயே மேம்படும் என்றார் ஹக்ஸ்லி. வள்ளலின் உணர்வு எவ்வாறு இயற்கையாக வளர்ந்ததோ அவ்வாறே கள்வனின் உணர்வும் கொலைஞனின் உணர்வும் இயற்கையாகவே வளர்ந்தன. எனவே, 'இயற்கையாக வளர்ந்தது' என்னும் சான்றிதழ் இருவர் கையிலும் இருக்கிறது. அதைக் கொண்டு ஒருவரை வாழ்த்தி மற்றவரைத் தூற்றுவது எப்படி?

அச்சொற்பொழிவின் கணிசமான பகுதி இந்தியச் சிந்தனையைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வினைக் கொள்கையையும், புத்தர் நெறியையும், கிரேக்க உரோம நாட்டு ஸ்டோயிக்கரையும் ஹக்ஸ்லி விரிவாக ஆராய்ந்தார். உலகின் துன்பத்திற்கு முன் இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்கள் என்று அவர்களை மதித்தார். எனினும் துறவை அவர் ஏற்கவில்லை. உலகினின்று விலகாமல் உள்ளே நின்று போராட வேண்டும் என்றே முடித்தார். துறவு என்பது போராட்டத்தின் ஒரு வகையாகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

மறு ஆண்டு அப்பேச்சு நூலானபோது ஹக்ஸ்லி அதற்கு ஒரு நெடிய முன்னுரை எழுதிச் சேர்த்தார். அதில் வரும் தோட்ட உவமை புகழ்பெற்றது. காட்டு நிலத்தில் வேலியிட்டுத் தோட்டம் அமைப்பவன், வேலிக்குள் இயற்கைப் போராட்டத்தை நிறுத்திவைக்கிறான். களை எடுக்கிறான்; நீர் பாய்ச்சுகிறான்; தன்னால் போட்டியிட்டு வாழ இயலாத மென்மையான செடியையும் வாழவைக்கிறான். சமுதாயமும் அத்தகைய தோட்டமே. ஆனால் உவமையை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதிலேயே ஹக்ஸ்லியின் மேதைமை தெரிகிறது. தோட்டக்காரன் களை பிடுங்குவதைப் போல, ஆள்பவன் ஒருவன் மனிதருள் 'தகுதியற்றவர்' எவர் எனத் தேர்ந்து நீக்கலாமா? கூடாது என்கிறார். எந்தக் குழந்தை எப்படி வளரும் என்று முன்கூட்டி அறியும் அறிவு எந்த மனிதனுக்கும் இல்லை. இருந்தாலும், அவ்வாறு நீக்கத் துணிந்த சமுதாயத்தில் மனிதரை மனிதரோடு பிணைக்கும் இரக்கம் செத்துவிடும். அதன்பின் அங்குச் சமுதாயம் என்று ஒன்று இராது.

இதனை எழுதியது 1894இல். அதற்குப் பதினோராண்டு முன்னரே, டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லைப் படைத்துவிட்டார். மனித இனத்தைக் கால்நடை இனம்போலத் தேர்ந்து மேம்படுத்தலாம் என்னும் கொள்கை அது. ஹக்ஸ்லியின் எச்சரிக்கை காற்றில் போயிற்று; கால்டனின் சொல் சட்டமாயிற்று.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் ஏழைப் பெண் இருந்தாள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். அக்குடும்பம் அவளை 'அறிவுக் குறைபாடு உடையவள்' என்று சொல்லி மாநில விடுதியில் அடைத்தது. அவள் தாயும் அவ்விடுதியிலேயே அடைபட்டிருந்தார். தாய், மகள், 1924இல் பிறந்த கைக்குழந்தை என மூன்று தலைமுறையும் குறைபாடு உடையது என்று வழக்கு புனையப்பட்டது. யூஜெனிக்ஸ் வல்லுநர் ஹாரி லாஃப்லின் அப்பெண்ணை நேரில் பார்க்காமலே சாட்சியம் எழுதி அனுப்பினார். 1927 மே 2ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் இசைய ஒருவர் மட்டும் மாறுபட, அவளுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அறுவை நடந்தது. அந்நாட்டில் இத்தகைய சட்டங்களால் கருத்தடை செய்யப்பட்டோர் அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர். கேரியின் மகள் விவியன் பள்ளியில் சேர்ந்து, 1931இல் நன்கு பயிலும் மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். மறு ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். ஹக்ஸ்லி சொன்ன அறியாமைக்கு அச்சிறுமியின் பள்ளிப் பதிவேட்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கொடுமைக்குப் பரிணாமக் கொள்கை பொறுப்பாகாது. பொறுப்பு, 'இப்படி நடக்கிறது' என்பதிலிருந்து 'இப்படி நடக்க வேண்டும்' என்பதற்கு இடையில் ஒரு படியும் வைக்காமல் தாவியவர்களுடையது. அத்தாவலை டேவிட் ஹியூம் 1740இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். அறநூல் எழுதுவோர் உலகின் நிலையைச் சொல்லிக்கொண்டே வந்து, படிப்பவர் அறியாதபடி விதிகளைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். முன்னதிலிருந்து பின்னது எப்படிப் பெறப்பட்டது என்பதை மட்டும் சொல்வதில்லை என்றார் அவர். 1903இல் கேம்பிரிட்ஜ் மெய்யியலார் ஜி. இ. மூர், ஸ்பென்சரைப் பெயர் சொல்லியே மறுத்தார். ஒரு நடத்தையைப் 'பரிணாமத்தில் மேம்பட்டது' என்று மெய்ப்பித்துவிட்டதாகக் கொண்டாலும், 'சரி, அது நல்லதுதானா?' என்று கேட்க இன்னும் இடம் இருக்கிறது. கேட்க இடம் இருப்பதாலேயே இரண்டும் ஒரு பொருளல்ல. மூரின் வாதத்தில் ஓட்டைகள் உண்டு. பின்வந்தோர் அவற்றைக் காட்டியுள்ளனர். ஆயினும் ஸ்பென்சரின் கட்டடம் அதன்பின் எழவில்லை.

எழாவிட்டாலும், முதல் வினா அப்படியே இருந்தது. பிறர்க்காகத் தன்னை இழக்கும் இயல்பு எப்படித் தோன்றிற்று? டார்வினே இவ்விடத்தில் இடறினார். தோழரைக் காட்டிக்கொடாமல் உயிர்விடும் வீரன் பெரும்பாலும் மக்களைப் பெறாமலே மடிகிறான். அப்படியானால் அவன் பண்பு அடுத்த தலைமுறைக்கு எப்படிச் சேரும்? 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் ஒரு விடை தந்தார். உடன்பிறந்தார் உடலிலும் அதே மரபணுவின் படி இருக்கக்கூடும். எனவே உறவின் நெருக்கத்திற்கு ஏற்ற அளவில் உறவினர்க்கு உதவும் இயல்பு பரவும். இரண்டு உடன்பிறந்தாருக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்காகவோ உயிர்விடலாம் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் முன்னரே வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

உறவல்லாதாருக்கு உதவுவது? அதற்கு 1971இல் இராபர்ட் டிரிவர்ஸ் கைம்மாறு என்னும் விடையைத் தந்தார். இன்று தருபவன் நாளை பெறுகிறான். கோஸ்டா ரிக்காவின் குருதியுண்ணும் வௌவால்கள் இதற்குச் சான்றாயின. அவை இரண்டு மூன்று இரவுகள் இரையின்றி இருந்தால் மடிந்துவிடும். இரை கிடைக்காமல் திரும்பிய வௌவாலுக்கு, உண்டு வந்த வௌவால் தான் உண்ட குருதியைக் கக்கி ஊட்டுகிறது. உறவுக்கும் ஊட்டுகிறது, நெடுநாள் உடனிருந்த தோழமைக்கும் ஊட்டுகிறது. ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் இதனை வெளியிட்டபோது, அறத்தின் வேர் கண்முன் தெரிந்ததுபோலப் பலர் மகிழ்ந்தனர். உறவுப்பற்று, கைம்மாறு, நற்பெயர் நாட்டம் ஆகிய மூன்றையும் கொண்டு மனிதரின் அன்றாட நடத்தையில் பெரும்பகுதியை விளக்கிவிடலாம் என்பது உண்மையே.

இக்கணக்கைத் தம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்த ஒருவர் உண்டு. ஜார்ஜ் பிரைஸ் அமெரிக்கர், 1922இல் பிறந்தவர், வேதியியல் பயின்று, அணுகுண்டுத் திட்டத்திலும் பணியாற்றியவர். 1967இல் இலண்டன் சென்றார். ஹாமில்டனின் கட்டுரையைப் படித்து, அதனினும் பொதுவான ஒரு சமன்பாட்டைத் தாமே கண்டடைந்தார். அதனை ஏந்திக்கொண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குள் முன்பின் அறிமுகமின்றி நுழைந்த அவருக்கு அன்றே அங்கு இருக்கை கிடைத்தது. இருக்கை கிடைத்த ஆய்வகத்தின் பெயர் கால்டன் ஆய்வகம். 1970இல் சமன்பாடு அச்சேறியது. அவ்வாண்டிலேயே, அதுவரை கடவுள் மறுப்பாளராக இருந்த பிரைஸ் கிறித்தவரானார். பின்னர் இலண்டன் தெருக்களில் வீடின்றி அலைந்தோருக்குப் பணமும் உடையும் கொடுக்கத் தொடங்கினார். தம் இல்லத்தில் தங்கவைத்தார். முடிவில் தாமே வீடற்றவரானார். 1975 ஜனவரியில், உடலும் உள்ளமும் நலிந்த நிலையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடக்கத்திற்கு வந்தவர்களுள் ஹாமில்டனும் மேனார்டு சுமித்தும் இருந்தனர். அவர்களோடு அவர் உதவிய வீடற்ற மனிதர் சிலரும் நின்றனர்.

தன்னலமின்மை என்பது மாறுவேடமிட்ட தன்னலமே என்று தம் கணக்கு சொன்னதால், அதனைப் பொய்ப்பிக்கவே பிரைஸ் தம்மை அழித்துக்கொண்டார் என்று சிலர் எழுதுவர். கதைக்கு அது பொருந்தும். ஆனால் நோயுற்ற ஒரு மனிதரின் இறுதியை அவ்வளவு எளிதாகப் பொருள்கொள்வது நேர்மையாகாது. சொல்லக்கூடியது இவ்வளவே. அவர் சமன்பாடு இன்றும் பிழையின்றி நிற்கிறது. அது, ஒரு பண்பு ஒரு கூட்டத்தில் தலைமுறைதோறும் கூடுமா குறையுமா என்பதைச் சொல்லும். குளிரில் நடுங்கும் ஒருவனுக்கு மேலாடையைக் கொடுக்கலாமா என்பதைப் பற்றி அதில் ஒரு குறியீடும் இல்லை.

மெய்யியலில் இன்று நிற்கும் வினா ஸ்பென்சருடையதைவிடக் கடுமையானது. 2006இல் அமெரிக்க மெய்யியலார் ஷாரன் ஸ்ட்ரீட் அதனை ஓர் இருதலைக் கொள்ளியாக வடித்தார். அற உண்மைகள் மனிதர் மனத்தைச் சாராமல் தனித்து நிற்பவை என்று பலர் நம்புகின்றனர். மனிதரின் மதிப்பீடுகளையோ பரிணாமம் நெடுங்காலம் செதுக்கியிருக்கிறது. அவ்வாறு செதுக்கிய உளிக்கும் அவ்வுண்மைகளுக்கும் தொடர்பு இல்லை என்றால், மனிதரின் அறக்கருத்துகள் உண்மையாக அமைவது குருட்டு வாய்ப்பாகிவிடும். தொடர்பு உண்டு, அறவுண்மையை அறிந்தவனே பிழைத்தான் என்றால், அது அறிவியலுக்கு ஒவ்வாது. குழந்தையைப் பேணியவன் வழித்தோன்றலை விட்டுச்சென்றதற்குக் காரணம் அவன் குழந்தையைப் பேணியதே, பேணுதல் நன்று என்னும் உண்மையை அவன் கண்டதன்று. காப் அம்மையாரின் தேனீக்கூடு மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது.

இதற்கு ஒரு மறுமொழி, எண்ணறிவைச் சுட்டுவது. இரண்டு புலிகள் குகைக்குள் புகுந்து ஒன்று வெளிவந்தால் உள்ளே ஒன்று எஞ்சியிருக்கிறது என்று அறியாதவன் நெடுநாள் வாழான். எண்ணும் ஆற்றலும் பிழைப்பதற்காகவே பிறந்தது. ஆனால் இன்றைய கணிதம் பிழைப்புக்கு வேண்டிய அளவில் நின்றுவிடவில்லை; தன் வழியே வளர்ந்து, எவருக்கும் சோறு போடாத மெய்ம்மைகளையும் கண்டுகொண்டது. அறச்சிந்தனையும் அவ்வாறு பிறந்த இடத்தைக் கடந்து வளரக்கூடாதா? பீட்டர் சிங்கர் 1981இல் எழுதிய 'விரியும் வட்டம்' என்னும் நூலின் சாரம் இதுவே. உறவினரிடமும் தோழரிடமும் தொடங்கிய அக்கறையை, அறிவு தன் நடுநிலையால் அயலாரிடமும் பிற உயிர்களிடமும் கொண்டுசெல்கிறது. எண்ணறிவும் அறவறிவும் முற்றும் ஒத்தவை அல்ல; புலி உண்மையாகவே உள்ளே இருந்ததால்தான் எண்ணிக்கை பயன்பட்டது, அறத்தில் அப்படி ஒரு புலியைக் காட்ட இயலவில்லை என்று ஸ்ட்ரீட்டின் பக்கத்தார் மறுப்பர். மறுப்பு வலிமையுள்ளதே. ஆனால் கைம்மாறு கருதாத இரக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதனை அவர்கள் கணக்கு எங்கே வைக்கும்?

இங்கே டார்வினிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. மனித எல்லையைக் கடந்து விலங்குகளிடமும் பரிவு காட்டுதல், மனிதர் அடைந்த அறப்பண்புகளுள் மிகப் பிந்தியவற்றுள் ஒன்று என்று அவர் எழுதினார். அவர் நாட்டைப் பொறுத்தவரை அது சரியே. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் பிறந்தது 1822இல். ஆனால் அப்பண்பு எங்கும் அப்போதுதான் தோன்றியது என்று கொள்வதற்கில்லை. தமிழறிந்தார்க்குச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை நினைவுக்கு வரும். டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட அக்காப்பியத்தில், சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கையில் மயிற்பீலியோடு கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்கிறார். வழியின் இடர்களைச் சொல்லி வருபவர், நீர்க்கரை வழியே போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபட நேரும், அத்துன்பம் பொறுத்தற்கரியது என்று எச்சரிக்கிறார்.

நண்டு உறவன்று. நத்தை என்றும் கைம்மாறு செய்யாது. அக்கரைவழியில் நற்பெயர் வழங்க ஊராரும் இல்லை. எச்சரித்தவரோ துறவி; வழித்தோன்றலுக்கு இடமே வைக்காதவர். உறவு, கைம்மாறு, நற்பெயர் என்னும் மூன்று பெட்டிகளிலும் இது அடங்கவில்லை.

உறவுக்காக அமைந்த இரக்கம் இலக்குத் தவறிப் பாய்வதே இது என்று ரிச்சர்டு டாக்கின்ஸ் போன்றோர் விடை சொல்வர். காகம் குயில்குஞ்சுக்கு ஊட்டுவதைப் போல என்று கொள்ளலாம். டாக்கின்ஸ் அதனை இழிவாகச் சொல்லவில்லை. மதித்துப் போற்றத்தக்க பிழை என்றே 2006இல் எழுதினார். ஆயினும் பிழை என்னும் சொல்லை நின்று கவனிக்க வேண்டும். எதனுடைய கணக்கில் பிழை? மரபணுவின் படிகள் பெருகவேண்டும் என்னும் கணக்கில். அக்கணக்கு மரபணுவுக்கே நோக்கமன்று. அதற்கு நோக்கம் கொள்ள மனம் இல்லை. மனிதருக்கோ அது நோக்கமாக வேண்டும் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. அப்படியிருக்க, கவுந்தியடிகளின் நடையைப் பிழை என்று குறித்துவைக்கும் ஏடு எவருடையது? ஹியூம் சுட்டிய அதே தாவல், சொல்லின் மறைவில் மீண்டும் நடந்திருக்கிறது.

அப்படியானால் பரிணாம அறவியலுக்கு மெய்யியலில் இடமே இல்லையா? உண்டு, அது சாட்சியின் இடம், நீதிபதியின் இடமன்று. மனித இரக்கம் எதை நோக்கி எளிதில் ஓடும், எங்கே ஓடாமல் நின்றுவிடும் என்பதை அச்சாட்சியைப்போலத் தெளிவாகச் சொல்ல வல்லார் இலர். பெரிய கண்ணும் குழந்தை முகமும் உடைய உயிரைக் கண்டால் இரக்கம் தானே சுரக்கும். ஓடும் கொடுக்கும் உடைய உயிரைக் கண்டால் சுரக்காது. அருகில் அழுபவருக்காக நெஞ்சு நெகிழும். தொலைவில் மடியும் ஆயிரவருக்காக அவ்வளவு நெகிழாது. இது மனிதரின் தீய குணமன்று. சிறு கூட்டங்களில் வாழ்ந்த காலத்தின் எச்சம்.

இச்சாட்சியத்தைக் கேட்டபின் விரதங்களைப் பார்த்தால் அவற்றின் நோக்கம் வேறாகத் தெரிகிறது. நீரை வடிகட்டிப் பருகுவதும், அமருமுன் பீலியால் தடவுவதும், இருளில் உண்ணாமையும் உணர்ச்சியை நம்பி ஏற்பட்டவை அல்ல. கண்ணுக்குப் புலப்படாத உயிரிடம் உணர்ச்சி செல்லாது. செல்லாத இடத்திற்குச் செல்வதற்காகவே விதி ஏற்பட்டது. இரக்கம் சுரந்தால் உதவு என்று சொல்லாமல், சுரந்தாலும் சுரவாவிட்டாலும் பார்த்து நட என்று வகுத்தவர்கள் மரபணுவை அறியாதவர்கள். ஆனால் மனித உள்ளத்தின் எல்லையை அறிந்தவர்கள். இதனைச் சடங்கு என்று இளையோர் சிலர் எண்ணுவதுண்டு. ஹாமில்டனையும் டிரிவர்ஸையும் படித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்து பார்ப்பது நல்லது.

மேலைநாட்டிலும் வட்டம் விரிந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் சட்டத்திற்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 2022இல், விலங்குகளின் உணர்திறனைப் பற்றிப் பிரிட்டன் ஒரு புதிய சட்டம் இயற்றியது. முதுகெலும்புள்ள விலங்குகளோடு, கணவாய் முதலியனவும், பத்துக்கால் உடைய நண்டு, இறால் இனங்களும் துன்பம் உணரும் உயிர்களாக அதில் இடம்பெற்றன. இலண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த அறிஞர் குழு அவ்வுயிர்களின் நரம்பமைப்பையும் நடத்தையையும் ஆராய்ந்து தந்த அறிக்கையே அதற்கு அடிப்படை. நண்டு பட்டியலில் சேர்ந்துவிட்டது. நத்தை இன்னும் சேரவில்லை.